சமோவாரைக் காத்த மருமகள்

எங்கள் கசாக் ஊரான ஜெஸ்காஸ்கானில் ஒரு தடவையாவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவர்களுக்கு ரௌஷானின் குரல் தெரிந்திருக்கும். முகம் தெரியாது. ரொட்டிக் கடை வரிசையில் நின்று அவள் வாயைத் திறந்தால் முன்னால் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று யோசிப்பார்கள். வாழ்க்கையின் மோசமான நாளில் கேட்டது என்பது சட்டென்று நினைவுக்கு வராது.

"அழறத அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்ப அவர் நெஞ்சு ஏறி இறங்குதா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

இப்படித்தான் பேசுவாள். குரல் உயராது. நான் ஆம்புலன்ஸ் வண்டியில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசிப் பத்து வருடம் அந்தக் குரல்தான் என்னை வீடு வீடாக அனுப்பியது. நல்ல குரல் என்று நான் சொல்வது இனிமையை வைத்து அல்ல. கேட்ட மாத்திரத்தில் கை வேலையைத் தொடங்கிவிடும். அது போதும்.

அவளுடைய மாமனார் எசென்கெல்திக்குப் பக்கவாதம் வந்த அன்று பணியில் இருந்தவளும் அவள்தான். கணவன் ஆஸ்கத் வீட்டிலிருந்து கூப்பிட்டான். அவள் வண்டியை அனுப்பினாள். ஓட்டுநர் வழக்கம்போல நோயாளியின் பெயரைக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பெரியவர்."

"பேரு வேணும் ரௌஷான்."

"ஆஸ்கத்தோட அப்பா."

ஓட்டுநர் எங்கள் ஆள்; மருமகள் கணவன் பெயரைச் சொன்னாலும் அவன் வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்வதில்லை என்ற வழக்கம் தெரிந்தவர். மேற்கொண்டு கேட்கவில்லை. இருபது வருடமாக அந்த வீட்டு மருமகள். மாமனாரின் பெயரை அவள் ஒரு தடவையும் உச்சரித்ததில்லை. அதே பெயருள்ள பால்காரர் ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு வருவார். அவரை 'வெள்ளை வண்டிக்காரர்' என்பாள். படித்தவள், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள், இன்னுமா இதெல்லாம் என்று ஒரு தடவை கேட்டேன்.

"பயம் இல்லக்கா. யாரும் சொல்லாதன்னும் சொல்லல. சூடான அடுப்புப் பக்கம் போனா கை தானா பின்னால வரும்ல? அந்த மாதிரி. நாக்கு தானா திரும்பிடும்."

பெரியவர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் பேச்சும் பாதி போயிருந்தன. நான் அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருக்கிறேன். தினமும் போய்க் கைக்குப் பயிற்சி கொடுப்பது, பேச வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது என் வேலையாயிற்று. அந்த வீட்டில் இரண்டே அறைகள். பெரியவரின் கட்டில் இருந்த அறையில்தான் ரௌஷானின் கம்ப்யூட்டரும் இருந்தது. ஆகவே அவள் விளையாடுவதைப் பார்க்காமல் இருக்க வழியில்லை.

அவளுக்கு ஒரு நாள் முழுக்க வேலை, பிறகு மூன்று நாள் ஓய்வு. அந்த ஓய்வில் சமையல், துவைப்பு, மாமனாரின் கஞ்சி எல்லாம் முடித்துவிட்டுத் தலையில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு உட்காருவாள்; அதில் பேசுகிறவர்கள் குரல் அறைக்கும் கேட்கும். விளையாட்டின் பெயர் நெடுவெளி. எல்லாம் விண்வெளிக் கப்பல்கள். விண்வெளியிலிருந்து திரும்புகிறவர்கள் எங்கள் ஊருக்கு வெளியே புல்வெளியில்தான் வந்து இறங்குவார்கள். அதைப் பார்க்க யாரும் கடையைச் சாத்திவிட்டுப் போவதில்லை. அதனால் விண்வெளி என்ற சொல் என்னை மயக்கவில்லை. முதல் வாரம் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஒரு பாறை. பாறைக்குப் பக்கத்தில் ஒரு கப்பல். அது பாறையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

"இதுக்கா லீவை வீணாக்குற?"

"சுரண்டுறது நான் இல்லக்கா, நிகோரா. தாஷ்கண்ட் பொண்ணு. நான் காவலுக்கு நிக்கிறேன்."

"கல்லை யாருடி திருடுவா?"

"திருடுவாங்க. அதனாலதான காவல்."

திருடினார்கள். அடுத்த நாளே வந்தார்கள். நிகோராவின் கப்பல் உடைந்து போயிற்று. அந்தப் பெண் ஒலிக்கருவியில் அழுததை நானும் கேட்டேன். மற்ற விளையாட்டுகளில் செத்தால் எழுந்து மறுபடி ஓடலாமாமே. என் பேரன்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். இதில் உடைந்தது உடைந்ததுதான். அந்தக் கப்பலின் ஒவ்வொரு தகடும் எங்கோ ஒரு மனிதர் சுரண்டிய கல். இன்னொருவர் உருக்கியது. மூன்றாமவர் வடித்தது. நான்காமவர் பயந்து பயந்து கடத்தி வந்தது. கடையில் விற்பதுகூட யாராவது ஒருவர் செய்து வைத்ததுதான். செம்புக் கல்லை உருக்கிப் பிழைக்கிற ஊரில் பிறந்த எனக்கு இது உடனே புரிந்தது. அதற்குப் பிறகு கொட்டாவி வரவில்லை.

நிகோராவுக்கு ரௌஷான் தன் பழைய கப்பல் ஒன்றைக் கொடுத்தாள். "அழுது முடிச்சிட்டியா? சரி, எந்த இடத்துல தப்பு பண்ணினன்னு சொல்லு பாப்போம்" என்றாள். ஆம்புலன்ஸ் குரலேதான்.

கொஞ்ச நாளில் எனக்கு ஆட்கள் பழகிவிட்டார்கள். கரகண்டாவிலிருந்து கோஸ்த்யா என்ற ரஷ்யன், முன்கோபி, நல்லவன். சண்டையே பிடிக்காமல் சாமான் மட்டும் ஏற்றிச் செல்கிற ஒரு பள்ளி ஆசிரியர். எதிரி வருகிறானா என்று, ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குத் தாவும் வாயில் ஒன்றின் ஓரத்தில் சும்மா நின்று பார்க்கிறவன் ஒருவன். அவனுக்கு அதுதான் இன்பம். சண்டைக்காரனுக்கும் இடம் உண்டு, கணக்குப் பார்க்கிறவனுக்கும் உண்டு, பொய் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒற்றன் வேலை உண்டு. கற்றுக்கொள்ளவே வருடக்கணக்கில் ஆகிற விளையாட்டு. கஷ்டமாக இருப்பதால் யாரும் தனியாக ஆட முடியாது; யாரையாவது கேட்டே ஆக வேண்டும். கேட்டால் பழக்கம் வரும். அதற்குள் உங்களை அவர்கள் டீக்குக் கூப்பிட்டிருப்பார்கள். ரௌஷானின் பெயர் அங்கே கேலின். எங்கள் பேச்சில் மருமகள். ஆஸ்கத் கேலிக்காக வைத்தது, நிலைத்துவிட்டது. அர்ஜென்டினாவிலிருந்து ஆடுகிற ஒருவன்கூட அவளை 'கேலின், கேலின்' என்றுதான் கூப்பிடுவான், அர்த்தம் தெரியாமல்.

இருநூறு பேருக்கு மேல் சேர்ந்து ஒரு வருடம் கல் சுரண்டி ஒரு பெரிய நிலையம் கட்டினார்கள். சக்கரம்போல் இருந்தது. எப்போதும் உள்ளே ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டே இருப்பதால் டீக்கு வெந்நீர் கொதிக்கும் பாத்திரமான சமோவாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். எல்லோருடைய கப்பல்களும் சேமிப்பும் அதற்குள்தான் இருந்தன. அதன் படைத்தலைமை ரௌஷானிடம். அவள் கேட்டு வாங்கவில்லை. சண்டை நடுவில் எல்லோரும் கத்தியபோது இவள் மட்டும் கத்தவில்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை அவர்களே அவளைப் பேசச் சொன்னார்கள்.

எதிரி யார் என்று சொல்ல வேண்டும். அக்தோபேயில் இருக்கும் ஜாந்தோஸ். ஆஸ்கத்தின் சித்தப்பா மகன், அதாவது ரௌஷானுக்குக் கொழுந்தன். விளையாட்டை அவளுக்குப் பழக்கியதே அவன்தான். பிறகு அவன் வேறு கூட்டத்துக்குத் தலைவனாகிவிட்டான். அந்தக் கூட்டம் பெரியது, போலந்துக்காரர்களும் துருக்கியர்களும் நிறைய. கொழுந்தனும் அண்ணியும் எங்கள் பக்கம் எப்படிக் கேலி பேசிக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கல்யாணத்தன்று அவள் காலணியை ஒளித்து வைத்தவன் அவன்.

"அண்ணி, சமோவார் நல்லா இருக்கு. டீ குடிக்க வரவா?" என்று ஒரு நாள் போன் செய்தான்.

"கப்பை நீயே கொண்டா. எங்ககிட்ட உனக்குக் கப்பு இல்ல."

"நானூறு பேர் வர்றோம். கப்பு எங்ககிட்ட இருக்கு. சமோவாரை மட்டும் விட்டுட்டுப் போங்க."

"வந்து பாரு. உங்க அம்மாகிட்ட தலையத் தடவச் சொல்லிட்டு வா. திரும்பிப் போறப்ப தலை இருக்காது."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். மதியம் மாவு பிசையும்போது சிரிப்பு இல்லை.

இந்தச் சண்டையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஆளுக்கு ஒன்றைச் சுட்டால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு படைக்கும் பின்னால் சில கப்பல்கள் நின்று, அடிபட்டதை எல்லாம் அப்போதைக்கப்போதே சரி செய்துகொண்டே இருக்கும். அவற்றை டாக்டர் என்பார்கள். செய்கிற வேலையைப் பார்த்தால் நர்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும், அதை விடுங்கள். தலைவர் ஒரு கப்பலின் பெயரைச் சொல்வார். எல்லோரும் அதே நொடியில் அந்த ஒன்றையே சுட வேண்டும். டாக்டர்கள் திரும்புவதற்குள் அது உடைய வேண்டும். உடனே அடுத்த பெயர். படைத்தலைமை என்பது பெயர் சொல்வது. தாமதமில்லாமல், தெளிவாக, வரிசையாக.

கப்பலுக்கு அதன் சொந்தக்காரன் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஜாந்தோஸ் தன் ஏழு டாக்டர் கப்பல்களுக்கும் தன் ஏழு தலைமுறை முன்னோர்களின் பெயரை வைத்துக்கொண்டு வந்தான். அவனுடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா என்று மேலே ஏழு. எங்கள் பையன்களுக்குப் பேச்சு வந்ததும் மனப்பாடம் செய்ய வைப்பது அந்த ஏழு பெயர்களைத்தான். தலைமைக் கப்பலுக்குப் பெரியப்பா பெயர்: எசென்கெல்தி. அதாவது ரௌஷானின் மாமனார். அவர் அவளுக்குப் பின்னால் கட்டிலில், என் கையில் தன் கையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டியல் திரையில் விழுந்ததும் ரௌஷான் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"கேலின், யாரை? யாரை?" கோஸ்த்யா கத்தினான். அறை முழுக்கக் கேட்டது.

"அந்த... பின்னால நிக்கிறவர். அவர்... ரெண்டாவதா இருக்கிறவர்."

"எங்கிருந்து ரெண்டாவது?"

"பெரியவர்... இல்ல, அவரோட அப்பா—"

"யாரோட அப்பா?"

ஒருவன் ஒன்றைச் சுட்டான், இன்னொருவன் வேறொன்றை. டாக்டர்கள் நிதானமாக எல்லாவற்றையும் சரி செய்தார்கள். எங்கள் பக்கம் நிகோராவின் கப்பல் போயிற்று, ஆசிரியரின் சரக்குக் கப்பல் போயிற்று. சமோவாரின் வெளிக்காப்பு உடைந்தது.

அந்த விளையாட்டின் சட்டப்படி, காப்பு உடைந்தால் நிலையம் ஒரு வாரம் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரே ஒரு சண்டை. அதில் தோற்றால் எல்லாம் போகும், உள்ளே இருப்பதும் சேர்ந்து. அடுத்த ஞாயிறு மதியம் என்று குறித்தார்கள்.

ரௌஷான் ஒலிக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு மாமனாருக்குத் தலையணையைச் சரி செய்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. எங்க வீட்டு ஆட்கள் பேரு, என்னால சொல்ல முடியாது, என் தப்பு.

"இருநூறு பேரோட ஒரு வருஷம், ஒரு பேரச் சொல்ல முடியலன்னு போகுதா?" என்றான் கோஸ்த்யா.

"எட்டுப் பேரு" என்றாள் ரௌஷான்.

அதற்கு நிகோரா, "கோஸ்த்யா அண்ணே, உங்கள உங்க மாமியார் முன்னாடி சிகரெட் பிடிக்கச் சொன்னா பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். கோஸ்த்யா இருமினான். பிடிக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, ரஷ்யனுக்கு அந்தப் பெயர்களில் தடை இல்லையே, கோஸ்த்யாவே சொல்லட்டும் என்று முடிவாயிற்று. புதன்கிழமை ஜாந்தோஸின் ஆட்கள் சிலர் அதே டாக்டர் கப்பல்களோடு எல்லை ஓரமாக வந்தபோது அவன் தலைமை தாங்கினான். பெயரைத் தெளிவாகத்தான் சொன்னான், கொஞ்சம் சத்தமாக. ஆனால் ஒவ்வொரு பெயரையும் அவன் சொல்லி முடிக்கும் முன்பே எதிரியின் மற்ற டாக்டர்கள் அந்தக் கப்பலுக்கு உதவி அனுப்பிவிட்டார்கள். ஒன்றுகூட உடையவில்லை. ரௌஷான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம பேச்சை அவங்க கேக்குறாங்க. நம்மகூட ஒருத்தன் இருக்கான்."

ஒற்றன். இருநூறு பேரில் யார் என்று ஞாயிற்றுக்குள் கண்டுபிடிக்க வழியில்லை. ஆக, பெயர் சொல்ல முடியாத தலைவி ஒரு பக்கம். பெயர் சொன்னால் எதிரிக்கும் கேட்கும் என்பது இன்னொரு பக்கம். அன்று மாலை அவள் எண்ணெயில் பொரிக்கும் பவுர்சாக்குக்கு மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் காய்ந்து புகைந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"அக்கா, உங்க மாமியார் வீட்டுல வெள்ளிக்கிழமை ரொட்டி சுடுறப்ப, யாருக்காகச் சுடுறோம்னு எப்படிச் சொல்வீங்க?"

வெள்ளிக்கிழமை எண்ணெயில் ஷெல்பெக் ரொட்டி சுட்டு இறந்தவர்களுக்காக ஓதுவது எங்கள் வழக்கம். ஓதுவது ஆண்கள். அவர்கள் பெயர்களைச் சொல்வார்கள். சுடுவது நாங்கள். எங்களுக்குள் இது இன்னாருக்கு, அது இன்னாருக்கு என்று பேச வேண்டுமே. பெயர் சொல்ல முடியாதே. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் மருமகள்கள் ஒவ்வொரு பாட்டனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். மாமியார் மருமகளுக்குச் சொல்வாள். சமையலறையைத் தாண்டாது. ஆண்களுக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

"எங்க வீட்டுல ஒருத்தர் 'மூக்கு', ஒருத்தர் 'கடன்காரர்'" என்றேன். சொல்லும்போதே அவள் எங்கே போகிறாள் என்று புரிந்துவிட்டது.

"எங்க மாமியார் எனக்கு மூணு பேருக்குத்தான் சொல்லிட்டுப் போனாங்க. மிச்சம் சின்னத்தைக்குத் தெரியும்."

சின்னத்தை என்றால் அக்தோபேயில் இருக்கும் கூல்ஷாரா. ஜாந்தோஸின் அம்மா.

போனை ஒலிபெருக்கியில் போட்டாள், கையில் மாவு இருந்ததால்.

"சின்னத்தை, உங்க மகன் என்ன செஞ்சிருக்கான் தெரியுமா? கம்ப்யூட்டர்ல கப்பலுக்கு நம்ம வீட்டு ஏழு பேரு பேரையும் வெச்சிருக்கான்."

"எந்த ஏழு பேரு?"

"எல்லா ஏழும். உங்க வீட்டுக்காரர்ல இருந்து."

"அந்தக் கப்பல் என்ன பண்ணும்?"

"எங்களைக் கொல்ல வரும். நாங்க அதை உடைக்கணும்."

"என் புருஷன் பேரை உடைக்கிற சாமானுக்கு வெச்சானா? அவர் போயி ரெண்டு வருஷம் ஆகல. எதுக்குடி வெச்சான்?"

"நான் பேரச் சொல்ல மாட்டேன்ல. அதான்."

கூல்ஷாரா சிரிக்க ஆரம்பித்தாள். பெரிய உடம்புக்காரி, சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "என் வயித்துல பொறந்ததுக்கு மூளை இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. சரி, உடைச்சிடு. நல்லா உடை. மாவைக் கீழ வெச்சிட்டுக் கேளு. என் வீட்டுக்காரர் டிராக்டர், குறட்டை அப்படி. அவங்க அப்பா கோணத்தொப்பி, அது உனக்குத் தெரியும். அதுக்கு மேல உப்புக்காரர். அவருக்கு மேல ரெண்டு வீட்டுக்காரர்..."

"ரெண்டு வீடா?"

"ஒரு வீட்டுல சாப்பிடுவார், இன்னொரு வீட்டுல தூங்குவார். அதையெல்லாம் இப்பக் கேக்காத. அடுத்தவர் ஒட்டகம் தொலைச்சவர்."

ஏழும் சொல்லி முடித்தாள். மூத்த மைத்துனர் எசென்கெல்தியையும் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் மீசை. அடுத்த அறைக் கட்டிலில் இருந்தவருக்குத் திறந்த கதவு வழியே அது அன்றுதான் தெரிந்தது. இல்லாத மீசையை இடது கையால் தடவினார். இளமையில் இருந்ததாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். "பெரியவரே, உங்க தம்பியையும் முன்னோரையும் உங்க மருமக சுடப் போறா. உங்களுக்குச் சம்மதமா?"

அவர் பேச நேரம் எடுக்கும். நான் அவசரப்படுத்துவதில்லை, சொல்லை எடுத்துக் கொடுப்பதும் இல்லை. "பேரு... வெச்சவன்... வாங்கட்டும்" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "என்னை... கடைசியா."

ரௌஷான் பட்டப்பெயர்களைப் பொதுவில் சொல்லவில்லை. படையைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்திருந்தார்கள். அணித்தலைவர்கள் எல்லோரும் பழைய ஆட்கள், கல் சுரண்டிய முதல் நாளிலிருந்து இருப்பவர்கள். அவர்களுக்கு மட்டும் தனித்தனியாகப் போன் செய்து மனப்பாடம் செய்ய வைத்தாள். அணியில் மற்றவர்கள் தங்கள் தலைவர் குறிவைத்ததையே ஒரு விசையை அழுத்தித் தொடர வேண்டியது. இதில் ஒரு கணம் தாமதமாகும் என்பதால் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஒற்றன் சாதாரண ஆளாக இருந்தால் குண்டு புறப்பட்ட பிறகுதான் அவனுக்கே தெரியும்.

கோஸ்த்யாவுக்குக் கசாக் மொழி அரைகுறை. போனில் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

"உப்புக்காரர் யாரு?"

"மூணாவது தலைமுறை."

"ஒட்டகம் தொலைச்சவர்?"

"அஞ்சாவது. கேலின், ஒட்டகம் கிடைச்சுதா இல்லையா?"

"சண்டையில ஜெயிச்சா சொல்றேன்."

ஞாயிறு மதியம் எல்லோரும் வந்தார்கள். ஆசிரியர்கூடச் சண்டைக் கப்பலில் வந்திருந்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக. ஆஸ்கத் தன் ரயில் பணியை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் நின்றான். நான் பெரியவரைத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். எதிர்ப்பக்கம் திரை நிரம்பிவிட்டது. எங்களைப்போல இரண்டு மடங்கு. எட்டுப் பெயர்களும் வரிசையாகப் பின்னால் நின்றன.

ரௌஷான் தண்ணீர் குடித்தாள். பிறகு அந்தக் குரலில் சொன்னாள்.

"எல்லாரும் மூச்சு விடுங்க. கோணத்தொப்பி."

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கணம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கோடுகள் ஒரே புள்ளிக்குப் போயின. எதிரியின் டாக்டர்கள் அசையவே இல்லை. அவர்களுக்கும் குரல் கேட்டிருக்கும். யாரைக் காப்பாற்றுவது என்று தெரியவில்லை. கப்பல் வெடித்தது.

"நல்லது. டிராக்டர்."

அதுவும் போயிற்று.

"ரெண்டு வீட்டுக்காரர். அவசரம் வேண்டாம். நிகோரா, நீ ரொம்ப முன்னால போற, பின்னால வா. ரெண்டு வீட்டுக்காரர்."

எங்கள் பக்கமும் உடைந்துகொண்டுதான் இருந்தது. ஆசிரியர் போனார், போகும்போது "நான் ஒருத்தனைச் சுட்டுட்டேன்" என்று சின்னப் பையனைப்போலச் சொன்னார். நான் ரௌஷானின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து மாடி ஓடி ஏறியவளின் நாடி. குரலில் அது இல்லை. இதற்காகத்தான் இவர்கள் மாதக்கணக்கில் பாறையைச் சுரண்டுகிறார்கள் என்று அப்போது தெரிந்தது. இந்தக் கொஞ்ச நேரம் ஒருவருடைய கை இன்னொருவருடைய கைமேல் நிற்கிறது. பிடி தவறினால் ஒரு வருடம் போகும். போகும் என்பதால்தான் நாடி ஓடுகிறது.

நடுவில் ஆஸ்கத்தின் போன் அடித்தது. கூல்ஷாரா.

"ஜாந்தோஸ் பக்கத்து அறையில இருந்து ஓடி வந்து 'அம்மா, கோணத்தொப்பி யாரு, உப்புக்காரர் யாரு'ன்னு கேக்குறான். சொல்லட்டுமா?"

"சித்தி!" என்றான் ஆஸ்கத்.

"சொல்லல, சொல்லல. 'நீ மருமகளாப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும், போடா'ன்னு அனுப்பிட்டேன். ரொட்டியக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறான். அங்க எப்படிப் போகுது?"

"ஒட்டகம் தொலைச்சவர்" என்றாள் ரௌஷான் இந்தப் பக்கம். கோஸ்த்யாவின் அணிதான் முதலில் சுட்டது.

ஏழும் போன பிறகு எதிரிப் படை வேகமாகக் கரைந்தது. அடிபட்டதைச் சரி செய்ய ஆள் இல்லை. போலந்துக்காரர்கள் முதலில் கிளம்பினார்கள். தலைமைக் கப்பல் மட்டும் நடுவில் நின்றது. ரௌஷான் ஒரு தடவை பின்னால் திரும்பினாள். பெரியவர் தலையை ஆட்டினார்.

"மீசை" என்றாள்.

கோடுகள் போய்ச் சேர்வதற்குள் தலைமைக் கப்பல் திரும்பி, வாயிலைத் தாண்டி, ஓடிவிட்டது.

சமோவார் நின்றது. ஒலிக்கருவியில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அர்ஜென்டினாக்காரன் ஏதோ பாட்டுப் பாடினான். எதிரிகள் பொதுப் பேச்சில் 'நல்ல சண்டை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இது இவர்கள் வழக்கம்; நல்ல எதிரி இல்லாவிட்டால் சமோவார் வெறும் இரும்புச் சக்கரம். ஒற்றனும் எங்கள் ஆட்களோடு சேர்ந்து வாழ்த்துச் சொல்லியிருப்பான். ஆஸ்கத் மனைவியின் தோளில் கை வைத்தான். எங்கள் ஆண்கள் மற்றவர்கள் முன்னால் அப்படிச் செய்வதில்லை. நான் இருந்தும் செய்தான். எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும், எங்கள் குரல் எத்தனை நாட்டுக்காரர்களைக் கட்டி நிறுத்தியது என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவும் செய்தேன், திங்கள்கிழமையே.

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. பெரியவர் கோபமாக இருந்தார்.

"ஓ... ஓடிட்டானா?"

"யாருப்பா?" என்றான் ஆஸ்கத்.

"நான்."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அவருடைய பேச்சு எனக்குப் பழக்கம். தம்பியும் முன்னோர்களுமாக ஏழு பேரும் நின்று அடி வாங்கினார்கள். அவருடைய பெயர் தாங்கிய கப்பல் மட்டும் முதுகைக் காட்டிவிட்டது.

"போன்" என்றார்.

ஆஸ்கத் தம்பியைக் கூப்பிட்டு அப்பாவின் காதருகே பிடித்தான். ஜாந்தோஸ் பேச்சை ஆரம்பித்தான். "பெரியப்பா, அண்ணி அநியாயம் பண்ணிட்டாங்க. எங்க அம்மாவையே கட்சி மாத்திட்டாங்க—"

"என் பேர... வெச்சுக்கிட்டு... எல்லாரும் பாக்க... ஓடுறியாடா நீ?"

நோய் வந்த பிறகு அவர் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது. நான் அவருடைய வலது கையைப் பிடித்திருந்தேன். அது போனை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தது.

"தப்புதான் பெரியப்பா" என்றான் ஜாந்தோஸ். "அடுத்த தடவை நிப்பேன். உடைஞ்சாலும் நிப்பேன்."

"நில்லு. அவ... உடைப்பா."

ரௌஷான் இதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. ஒலிக்கருவி தலையில்தான் இருந்தது. உடைந்து மிதக்கிற தகடுகளை எதிரியினுடையது நம்முடையது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் வாரச் சொல்லி, நிகோராவை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தாள்.